ஜப்பானில் பண்டிகை: அந்தச் சாம்பல் நிற அட்டையை ஃபிரிட்ஜில் ஒட்டாதீர்கள்

போன டிசம்பர் முதல் வாரத்தில் தோக்கியோவின் நிஷி-கசாயில் ஒரு புது ஜோடியின் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அவர்கள் ஜப்பானுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஃபிரிட்ஜ் கதவில் மேக்னட் வைத்து ஒரு தபாலட்டை ஒட்டியிருந்தார்கள். வெளிர் ஊதாவில் ஆர்க்கிட் பூ, சாம்பல் நிற மையில் நாலு வரி. "அக்கா, எங்களுக்கு வந்த முதல் நியூ இயர் கார்டு! ஆபீஸ் சீனியர் அனுப்பியிருக்கார்" என்று தம்பி பெருமையாகக் காட்டினான்.

அது நியூ இயர் கார்டு இல்லை. அந்த சீனியரின் அம்மா செப்டம்பரில் இறந்திருந்தார். அதைத்தான் அந்த நாலு வரி சொல்லியது. அந்த சீனியர் பெயருக்குத் தம்பி எழுதிய வாழ்த்து அட்டை மேசைமேல் தயாராக இருந்தது. நல்லவேளை, இன்னும் பெட்டியில் போடவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு மனசு ஆறவில்லை. இதே தவறை என் மூன்றாவது வருஷத்தில் நானும் செய்தேன். என்னைத் தடுக்க அன்றைக்கு யாரும் இல்லை. 14 வருஷமாக இங்கே தீபாவளி, பொங்கல், கொலு, அவர்களுடைய புத்தாண்டு, ஓபோன் என்னும் முன்னோர் பண்டிகை எல்லாம் கொண்டாடி வருகிறேன். செருப்பைக் கழற்றுங்கள், சோற்றில் குச்சியைக் குத்தி நிறுத்தாதீர்கள் என்பதெல்லாம் விமானத்தில் ஏறும் முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவற்றை விட்டுவிட்டு, யாரும் வாய்விட்டுச் சொல்லாத தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

துக்கம் சொல்லும் அட்டை

ஜப்பானில் புத்தாண்டு வாழ்த்து அட்டைக்கு நெங்காஜோ என்று பெயர். நவம்பரிலேயே விற்பனைக்கு வந்துவிடும். டிசம்பர் 15 முதல் தபால் நிலையம் வாங்கிக்கொள்ளும். 25-ஆம் தேதிக்குள் போட்டால் ஜனவரி 1 காலையில் எல்லா வீட்டுக்கும் ஒன்றாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். இது பலருக்குத் தெரியும்.

தெரியாதது இன்னொரு அட்டை. மோச்சூ ஹகாகி, அதாவது துக்க அட்டை. அந்த வருஷம் நெருங்கியவர் யாராவது இறந்திருந்தால், மற்றவர்கள் நெங்காஜோ எழுத உட்காரும் முன்பே, நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ இதை அனுப்பிவிடுவார்கள். "துக்கத்தில் இருப்பதால் புத்தாண்டு வாழ்த்தைத் தவிர்த்துக்கொள்கிறோம்" என்று இருக்கும். முழுச் சிக்கலும் அந்த வாக்கியத்தில்தான். போன் கேமராவைக் காட்டி மொழிபெயர்த்தால், அவர் இந்த வருஷம் நமக்கு வாழ்த்து அனுப்ப மாட்டார் என்கிற அளவுக்குத்தான் புரியும். "சரி, அவர் அனுப்பாவிட்டால் என்ன, நாம் அனுப்புவோம்" என்று தோன்றும். அங்கேதான் விழுகிறோம். அந்த அட்டை நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: எங்களுக்கு வாழ்த்து அனுப்பாதீர்கள்.

என் கதைக்கு வருகிறேன். அப்போது தோக்கியோவின் எடோகாவா வார்டில் ஒரு பழைய இரண்டு மாடி வீட்டில் குடியிருந்தோம். கீழே ஓயா-சான், அதாவது வீட்டுக்காரம்மா. மேலே நாங்கள். அவருடைய கணவர் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருந்தார். அக்டோபரில் இறந்துவிட்டார். குடும்பத்தார் மட்டும் கூடிச் சடங்கை முடித்துவிட்டதால், மேல் வீட்டில் இருந்த எங்களுக்கே தெரியவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் அட்டை வந்தது. எனக்கு அப்போது கான்ஜி என்னும் சீன எழுத்து நூறுகூடத் தெரியாது. வருஷக் கடைசியில் அனுப்பும் ஏதோ மரியாதைக் கடிதம் என்று நினைத்து, கேஸ் பில்லோடு சேர்த்து டிராயரில் போட்டுவிட்டேன்.

அந்த வருஷம்தான் நெங்காஜோவைக் கையால் எழுத வேண்டும் என்று பிரஷ் பேனா வாங்கி ஒரு வாரம் பழகினேன். ஓயா-சானுக்கு என்று ஒரு அட்டையைத் தனியாக எடுத்து, சிவப்பில் ஒரு சிக்குக் கோலம் போட்டு, அதன் நடுவில் மகளின் உள்ளங்கையைச் சிவப்புச் சாயத்தில் பதித்து, மேலே "அகெமாஷிதே ஓமெதெதோ", அதாவது புத்தாண்டு வாழ்த்துகள் என்று பெரிதாக எழுதினேன். சரியாக ஜனவரி 1 காலையில் அது அவர் கைக்குப் போனது. போதாக்குறைக்கு 3-ஆம் தேதி கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு கீழே போய், கதவைத் திறந்ததும் உரக்க "ஓமெதெதோ கொசாய்மாஸ்!" என்றேன். அவர் தலை குனிந்து, "கொதோஷிமோ யொரோஷிக்கு" என்று மட்டும் சொன்னார். இந்த வருஷமும் அன்போடு இருங்கள் என்று பொருள். ஓமெதெதோ என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. வருஷா வருஷம் வாசல் கதவில் தொங்கும் வைக்கோல் தோரணமும் அன்று இல்லை. இரண்டும் என் கண்முன்னே இருந்தன. நான் கவனிக்கவில்லை.

பிப்ரவரி நடுவில் வார்டு அலுவலக மொழி வகுப்பில், பழைய தபால்களை வைத்து வாசிக்கப் பழகும்போது அந்த அட்டையைக் கொண்டுபோனேன். டீச்சர் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

இன்றுவரை என்னை உறுத்துவது எழுத்து தெரியாமல் போனது இல்லை. இது நம் வழக்கமேதான். தாத்தா போன வருஷம் அம்மா வாசலில் நின்று, "எங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை இல்லை" என்று ஒரே வரியில் சொல்வார். கேட்டவர்கள் "ஹேப்பி தீபாவளி" என்று பதில் சொன்னதே இல்லை. ஓர் ஐரோப்பியருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயம், நமக்கு அரை வரியில் புரிந்திருக்க வேண்டியது. ஒரு வருஷக் கணக்குகூட ஒன்றுதான்.

கேசரி கொண்டுபோனது தவறா என்றால், அது அவ்வளவு தவறு இல்லை. பண்டிகை இல்லாத வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் பலகாரம் கொடுத்தனுப்புவது நம்மிடமும் உண்டு. இங்கேயும் வருஷக் கடைசியில் தரும் ஓசெய்போ பரிசு நன்றி சொல்வதற்கானது என்பதால், துக்க வீட்டுக்கும் அதைத் தரலாம். இறந்து 49 நாள் கழிந்த பிறகு, சிவப்பு-வெள்ளைச் சுற்றுத்தாள் இல்லாமல், வெறும் வெள்ளைத் தாளில் சுற்றித் தருவார்கள். வாழ்த்துத்தான் கூடாது.

அட்டை வந்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வாழ்த்துப் பட்டியலில் அந்தப் பெயரை உடனே அடித்துவிடுங்கள். ஜனவரி 7 வரை புத்தாண்டுக் காலம். ஓசாகா, கியோத்தோ இருக்கும் கன்சாய் பகுதியில் 15 வரை என்பார்கள். அது முடிந்த பிறகு, பிப்ரவரி 4-ஐ ஒட்டி வரும் ரிஷ்ஷுன் என்ற வசந்தத் தொடக்க நாளுக்கு முன்னால், கஞ்சூ மிமாய் என்ற குளிர்கால நலம் விசாரிப்பு அட்டை ஒன்று அனுப்புங்கள். மிஞ்சிய நெங்காஜோவில் எழுதாதீர்கள், சாதாரண அட்டையில் எழுதுங்கள். சிவப்பு வேண்டாம், ஓமெதெதோ வேண்டாம். தெரியாமல் வாழ்த்து அனுப்பிவிட்டீர்கள் என்றால், மன்னிப்புக் கேட்பதும் இதே அட்டையில்தான். எனக்குத் தெரியவந்தபோது ரிஷ்ஷுன் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு பிப்ரவரி முடியும்வரை யொகான் மிமாய் என்று வேறு பெயர். அதைத்தான் எழுதினேன், ஆறு தடவை கிழித்துப்போட்டு.

அப்புறம், உங்கள் வீட்டிலேயே இழப்பு நேர்ந்து, வாங்கி வைத்த நெங்காஜோ மீந்துபோனால், தபால் நிலையத்தில் சொல்லுங்கள். துக்கம் என்றால் கட்டணம் இல்லாமல் சாதாரண அட்டையாக மாற்றித் தருவார்கள்.

போகிக்குக் குப்பையைச் சேர்த்து வைப்பது

போகி ஜனவரியில்தானே என்று பழைய மெத்தை, உடைந்த நாற்காலி எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துக் காத்திருக்காதீர்கள். ஜப்பானியர்களின் போகி டிசம்பரில். ஓசோஜி என்று வீட்டையே கவிழ்த்துப் போட்டுத் துடைப்பார்கள். தோக்கியோவின் 23 வார்டுகளில் 30 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட சாமான் பெருங்குப்பைக் கணக்கில் வரும். முன்பதிவு செய்து, கன்வீனியன்ஸ் ஸ்டோரில் கட்டணச் சீட்டு வாங்கி ஒட்டி, சொன்ன நாளில் வெளியே வைக்க வேண்டும். டிசம்பரில் எல்லோரும் பதிவு செய்வதால் இடம் கிடைக்காது. நவம்பரிலேயே பதிந்துவிடுங்கள். டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி நான்கையும் அதில் எடுக்க மாட்டார்கள். அவற்றுக்கு 2001 முதல் தனி மறுசுழற்சிச் சட்டம் இருக்கிறது. வருஷக் கடைசியில் சில நாள் சாதாரணக் குப்பை வண்டியும் வராது. மீன் தலையோடு புத்தாண்டு பிறக்கும் வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

போகி நெருப்பைப் பார்க்காமல் மனசு கேட்கவில்லை என்றால், ஜனவரி நடுவில் தொந்தோ-யாகிக்குப் போங்கள். புத்தாண்டுத் தோரணங்களையும் பழைய ரட்சைகளையும் குவித்துக் கொளுத்துவார்கள். கனகாவாவின் ஓயிசோ கடற்கரையில் நடப்பது பேர்பெற்றது. உங்கள் பழைய பாயை அங்கே தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

கொலுவுக்குப் பழைய ஹினா பொம்மை

பெண் குழந்தைகளுக்காக மார்ச் 3-இல் கொண்டாடும் ஹினா மட்சுரியின் பொம்மை மேடையை முதல்முறை பார்க்கும் எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் உடம்பு சிலிர்க்கும். சிவப்புத் துணி விரித்த ஏழு படி. மேலே அரசனும் அரசியும், அடுத்த படியில் மூன்று தோழிகள், அதற்குக் கீழே ஐந்து வாத்தியக்காரர்கள். கொலுவேதான். பழைய பொருள் கடையில் அதே பொம்மைகள் மலிவாகக் கிடைக்கும்போது கை தானாக நீளும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் அப்படி ஒரு ஜோடி வாங்கிக் கொலுவில் முதல் படியில் வைத்து, பக்கத்து வீட்டுப் பாட்டியையும் வெற்றிலை பாக்குக்கு அழைத்துவிட்டாள். பாட்டி பொம்மையைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சுண்டலைச் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

ஹினா பொம்மை, யாருக்காக வாங்கினார்களோ அந்தப் பெண் குழந்தைக்கு வரும் கேட்டைத் தான் வாங்கிக்கொள்ளும் என்பது பழைய நம்பிக்கை. அதனால்தான் ஒருத்தியின் பொம்மை இன்னொருத்திக்குப் போவதைப் பலரும் விரும்புவதில்லை. வக்கயாமாவின் அவாஷிமா ஆலயத்தில் மார்ச் 3 அன்று பொம்மைகளைப் படகில் ஏற்றிக் கடலில் விடுவதும் இதே எண்ணத்தில்தான். கொலுவில் ஜப்பான் வாசனை வேண்டும் என்றால் ஒரு கொக்கேஷி மரப்பொம்மையை வாங்கி நம் மரப்பாச்சிக்குப் பக்கத்தில் வையுங்கள், அவ்வளவு பொருத்தமாக இருக்கும்.

தீபாவளி வாரத்தில் மத்தாப்பு தேடுவது

இங்கே மத்தாப்பு கோடைகாலப் பொருள். ஆகஸ்ட் முடிந்ததும் கடைகளில் எடுத்துவிடுவார்கள். அக்டோபரில் அலைந்து பயனில்லை. ஜூலையிலேயே வாங்கி ஈரம் படாமல் வையுங்கள். வார்டின் பூங்கா விதிகளைப் படித்துவிட்டு, அனுமதி உள்ள இடத்தில் மட்டும், ஒரு வாளித் தண்ணீரோடு போங்கள். சரவெடியும் ராக்கெட்டும் வேண்டாம். செங்கோ ஹனாபி என்று ஒன்று உண்டு. முறுக்கிய காகிதத் திரிதான். நுனியில் மிளகளவு நெருப்புத்துளி திரண்டு, நடுங்கி, சத்தமே இல்லாமல் பூப்பூவாய்ச் சிதறும். கையை அசைக்காமல் பிடித்தால் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கும். என் மகளுக்குத் தீபாவளி என்றால் அதுதான்.

அதிரசம் சுட்ட எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். உறையவைக்கும் தூள் 100 யென் கடையிலேயே கிடைக்கிறது.

பொங்கலுக்கு வெண்கலப் பானை

இண்டக்ஷன் அடுப்பில் அது சூடேறாது. ஊரிலிருந்து சுமந்து வரும் முன் உங்கள் வீட்டு அடுப்பைப் பாருங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 15 இவர்களுக்குச் சின்னப் புத்தாண்டு. அன்று அரிசியோடு சிவப்பு அட்சுகிப் பயறு போட்டுக் கஞ்சி வைப்பார்கள். பக்கத்து வீட்டுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

செட்சுபுன் பயறு

பிப்ரவரி தொடக்கத்தில் வரும் செட்சுபுன், கேட்டை விரட்டப் பயறு வீசும் நாள். வறுத்த சோயாவை மட்டும் வீசுங்கள். வீசிய பயறு முளைவிட்டால் ஆகாது என்பார்கள். ஐந்து வயது வரையுள்ள குழந்தை அதை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சுக்குழாயில் சிக்கும் என்று அரசின் நுகர்வோர் முகமையே எச்சரிக்கிறது.

நொசோமி ரயில்

இது ஷிங்கன்சென் அதிவேக ரயில். புத்தாண்டு, கோல்டன் வீக் என்னும் ஏப்ரல் கடைசி-மே தொடக்க விடுமுறை, ஓபோன் மூன்றுக்கும் இதில் முன்பதிவு இல்லாத பெட்டி கிடையாது. முன்பதிவு தொடங்குவது ஒரு மாதம் முன்னால், காலை 10 மணிக்கு.

ஓபோனை ஆகஸ்ட் என்று மட்டும் நினைப்பது

முன்னோர்கள் வீட்டுக்கு வந்துபோகும் நாட்கள் இவை. நாட்டின் பெரும்பகுதியில் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை. தோக்கியோவின் பழைய குடும்பங்கள் பல ஜூலை 13-லேயே தொடங்கிவிடும். அந்தத் துக்க வருஷத்தின் கோடையில், ஆகஸ்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் இருந்தேன். ஜூலையில் ஒரு மாலை படியிறங்கும்போது ஓயா-சான் வீட்டு வராந்தாவில் வெள்ளை லாந்தர் தொங்கியது. வெள்ளை லாந்தர் என்றால், இறந்தவர் முதன்முறையாக வீடு திரும்பும் ஓபோன். இந்தத் தடவை எனக்குத் தெரிந்திருந்தது. மேலே ஓடிப்போய் வாங்கி வைத்திருந்த ஊதுவத்திப் பெட்டியை எடுத்து வந்தேன்.

அவர் தரையில் உட்கார்ந்து வெள்ளரிக்காயில் குச்சிக் கால் செருகிக்கொண்டிருந்தார். அது குதிரை, கணவர் சீக்கிரம் வந்து சேர. கத்தரிக்காய் மாடு, மெதுவாகத் திரும்பிப் போக. விரல் மூட்டு வலியில் கத்தரிக்காயில் குச்சி இறங்கவில்லை. என் கையில் கொடுத்தார். நான் நேராகக் குத்தினேன், மாடு சாய்ந்தது. முன்கால்களைக் கொஞ்சம் அகட்டிக் குத்த வேண்டும் என்று என் விரலைப் பிடித்துக் காட்டினார்.