பழைய ஜீப்பைப் பிரிக்கும்போது ஒரு அட்டை போதும்

கழற்றிய போல்ட்டுகளை டப்பாவில் கொட்டாதீர்கள். ஒரு அட்டையில் அந்தப் பாகத்தின் வடிவத்தைத் தோராயமாக வரைந்து, எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அதே இடத்தில் குத்தி வையுங்கள். வாட்டர் பம்ப், டைமிங் கவரில் (இன்ஜினின் முன்பக்க மூடி) வரும் போல்ட்டுகள் பார்க்க ஒன்றுபோல இருக்கும், நீளம்தான் மாறும். நீளமானதைக் குட்டை ஓட்டையில் மாட்டினால் அடியில் முட்டி நின்றுவிடும். இறுகிவிட்டது என்று நினைப்போம். கவர் தளர்வாகவே இருக்கும், கேஸ்கெட் (இடையில் வைக்கும் கசிவுத் தடுப்பு) ஓரமாகக் கசியும். இன்னும் அழுத்தித் திருகினால் ஓட்டை இருக்கும் வார்ப்புப் பாகமே விரிசல் விடும். ஆறு மாதம் கழித்து மாட்டும்போது (வீட்டு வேலை என்றால் அவ்வளவு ஆகத்தான் செய்யும்) ஞாபகம் கைகொடுக்காது.

பிரேக், சஸ்பென்ஷனில் வரும் நைலான் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ளது), ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் குறுக்கே செருகி வளைக்கும் கம்பி) இவற்றுக்கு மட்டும் இந்த அட்டை வேண்டாம். கழற்றினால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகவே மாட்டுங்கள்.