பீரோவுக்குள் செத்துக் கிடக்கும் பவர் பேங்க்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பகுதியில் வானத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேதான் வேலை நடக்கும். வேதாரண்யம் பக்கத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் ஊர் இளைஞர்கள் ஐந்தாறு பேர் ஒரு சாக்குப்பையோடு வந்தார்கள். புயல் வந்தால் முகாமில் பயன்படும் என்று வீடு வீடாகத் திரட்டிய பன்னிரண்டு பவர் பேங்க்குகளை மேசைமேல் கொட்டினார்கள். “எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள் அண்ணே” என்றார்கள்.

ஒவ்வொன்றாகப் பொத்தானை அழுத்தினேன். ஏழில் விளக்கு எரிந்தது. ஐந்தில் ஒன்றுமே இல்லை. அந்த ஐந்தில் இரண்டு, கேபிள் மாட்டி அரை மணி நேரமாகியும் கண் திறக்கவில்லை. 2018-இல் நான் செய்த அதே தவறு. அதனால்தான் இதை எழுதுகிறேன். கீழே போடாதீர்கள், ஈரக் கையால் தொடாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

மேலே அச்சடித்த எண்ணை நம்புவது

பவர் பேங்க்கில் 10,000 எம்.ஏ.எச். (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதைச் சொல்லும் மில்லி ஆம்பியர்-அவர் அளவு) என்று போட்டிருக்கிறது, போன் பேட்டரி 5,000, ஆகவே இரண்டு முறை முழுதாக ஏற்றலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். வராது. அந்தப் பத்தாயிரம் உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்குச் சொன்னது. அதாவது மொத்த மின்னாற்றல் 37 வாட்-அவர். அதை 5 வோல்ட்டாக உயர்த்தித்தான் வெளியே அனுப்ப முடியும். உயர்த்தியதுமே கணக்கு 7,400-க்கு இறங்கிவிடும். சூடாகவும் கேபிளிலும் வீணாவதைக் கழித்தால் மிஞ்சுவது ஆறாயிரத்துச் சொச்சம். 5,000 பேட்டரிக்கு ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை முறை வரும். நல்ல தயாரிப்புகளில் இந்த இரண்டாவது எண்ணையும் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். முகாமுக்குக் கணக்குப் போடுகிறவர்கள் அதை வைத்துத்தான் போட வேண்டும்.

ஐம்பதாயிரம் என்று அச்சடித்து அறுநூறு ரூபாய்க்கு விற்ற ஒன்றை ஒரு பெரியவர் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தால் விரல் நீளத்தில் ஒரே ஓர் உருளைச் செல். பக்கத்தில், கையில் கனமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே ஒட்டிவைத்த இரும்புத் துண்டு. அந்த அளவுச் செல் மூவாயிரத்து ஐந்நூறு பிடித்தாலே பெரிது. இந்தியாவில் விற்கும் பவர் பேங்க்குக்கு, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் பதிவு கட்டாயம். ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இல்லாததை விலை மலிவு என்று வாங்காதீர்கள்.

நிரப்பிப் பூட்டி வைத்துவிட்டு மறந்துபோவது

இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

2018 சித்திரையில் மலிவாக இரண்டு பவர் பேங்க் வாங்கினேன். நான்கு விளக்கும் எரியும்வரை ஏற்றி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, பீரோவில் நிலப் பத்திரங்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். “இது அவசரத்துக்கு. யாரும் தொடக் கூடாது” என்று வீட்டில் சொல்லியும் வைத்தேன். அவர்களும் தொடவில்லை. நானும் தொடவில்லை.

நவம்பர் 15-ஆம் தேதி இரவு மின்சாரம் நின்றது. 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தபோது எங்கள் தெருவில் ஒரு மின்கம்பம்கூட நேராக நிற்கவில்லை. டெல்டா மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்திருந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது.

அன்று பகலில் போன் அணைந்தபோது பீரோவைத் திறந்தேன். முதல் பவர் பேங்க்கின் பொத்தானை அழுத்தினேன். ஒற்றை நீல விளக்கு இரண்டு தடவை மினுக்கியது. போனை மாட்டினேன். ஆறு சதவீதம் வரை ஏற்றிவிட்டு அதுவும் அடங்கிப்போனது. இரண்டாவதில் மினுக்கல்கூட இல்லை.

மறுநாள், பெரிய வாய்க்கால் பாலத்தின்மேல் ஏறி நின்றால் சிக்னல் கிடைக்கிறது என்று ஊரே அங்கே போய் நின்றது. நானும் போனேன், கையில் செத்த போனோடு. பக்கத்தில் நின்றவர் தன் போனை நீட்டி, “பேசிக்கொள்ளுங்கள்” என்றார். திருப்பூரில் இருக்கும் அக்காவின் எண் எனக்கு மனப்பாடமாக இல்லை. அது என் போனுக்குள் இருந்தது. அக்கா மூன்று நாள் முயன்று பார்த்துவிட்டு, கைக்குழந்தையோடு கார் பிடித்துக் கிளம்பிவிட்டாள். திருத்துறைப்பூண்டிக்கு இந்தப் பக்கம் மரமும் கம்பமும் விழுந்து பாதை அடைபட்டிருந்தது. கடைசித் தொலைவை நடந்தே வந்திருக்கிறாள். வாசலில் அம்மாவைப் பார்த்ததும் பேச்சு வராமல் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரே ஒரு நிமிடம் பேசியிருந்தால் அவளுக்கு அந்த மூன்று நாள் இல்லை.

எப்படி இது நடக்கிறது? லித்தியம் செல் தானாகவும் கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் இழக்கும். ஆனால் அது மெதுவாகத்தான். பெரும்பாலும் கெடுப்பது உள்ளே இருக்கும் சின்ன மின்சுற்றுப் பலகை. யாராவது பொத்தானை அழுத்துகிறார்களா, கேபிளை மாட்டுகிறார்களா என்று அது இரவும் பகலும் விழித்திருக்கிறது. அந்த விழிப்புக்கான மின்சாரத்தைச் செல்லிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. நல்ல பலகை கொஞ்சமாகக் குடிக்கும். மலிவான பலகை ஏழு மாதத்தில் எல்லாவற்றையும் குடித்துவிடும்.

காலியாகிப் போனதோடு முடிந்தால் பரவாயில்லை. ஜெனரேட்டர் வந்த பிறகு அந்த இரண்டாவது பவர் பேங்க்கை மாட்டினேன், ஏறவில்லை. பிரித்து மீட்டரை வைத்தேன். நிரம்பியிருந்தால் 4.2 வோல்ட் காட்ட வேண்டிய செல் 1.1 காட்டியது. இரண்டரை வோல்ட்டுக்கு வெகு கீழே விழுந்து கிடந்தால் செல்லுக்குள் இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு வலுக்கட்டாயமாக ஏற்றினால் கரைந்த செம்பு வேறிடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம், தீயும் பிடிக்கலாம். அதற்கு அஞ்சித்தான் பாதுகாப்புப் பலகை சார்ஜை மறுக்கிறது. அப்படிப்பட்ட செல்லுக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து எழுப்பித் தருகிறேன் என்று சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. தயவுசெய்து கொடுக்காதீர்கள். நான் செய்வதில்லை.

எங்கள் கடையில் அமாவாசைதோறும் பூசை போடுவோம். அன்று காலையிலேயே வீட்டுப் பவர் பேங்க்கையும் கடைக்கு எடுத்து வந்துவிடுவேன். அதிலிருந்து என் போனை ஏற்றுவேன், பிறகு அதை நிரப்புவேன். 2019 தையிலிருந்து இதை ஒரு மாதமும் விட்டதில்லை. அமாவாசை பிடிக்காதவர்கள் சம்பள நாளை வைத்துக்கொள்ளலாம். வெறுமனே பொத்தானை அழுத்தி நான்கு விளக்கைப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. வலுவிழந்த செல்லும் சும்மா இருக்கும்போது நான்கு விளக்குக் காட்டும், போனை மாட்டிய பத்தாவது நிமிடத்தில் ஒன்றுக்கு வந்துவிடும். போனை மாட்டித்தான் சோதிக்க வேண்டும். அந்த இளைஞர்களின் பவர் பேங்க் ஒவ்வொன்றிலும் மருத்துவமனை பிளாஸ்திரி ஒட்டி, கடைசியாக நிரப்பிய தேதியை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டை மட்டும் திருப்பித் தரவில்லை.

அக்காவின் எண்ணை இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

சிக்னல் தேடும் போனுக்குச் சார்ஜ் ஊற்றுவது

செல்போன் கோபுரம் விழுந்த ஊரில் போன் சும்மா இருப்பதில்லை. இல்லாத சிக்னலை விடாமல் தேடும். சிக்னல் மங்க மங்க, தான் அலை அனுப்பும் வலுவை ஏற்றிக்கொண்டே போகும். பவர் பேங்க்கில் மாட்டியபடியே அதை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்றியது எல்லாம் தேடுவதிலேயே போனது. விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் திறந்து பாருங்கள். நேரத்தை உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். போனை நூறு வரை ஏற்றவும் வேண்டாம். முப்பது, நாற்பது வந்ததும் அடுத்தவருக்குக் கொடுங்கள்.

வீட்டில் பழைய பொத்தான் போன் இருந்தால் எறியாதீர்கள். அதன் பேட்டரி ஆயிரம் எம்.ஏ.எச். அளவுதான் இருக்கும். ஒரு 10,000 பவர் பேங்க் அதை ஐந்து முறைக்கு மேல் நிரப்பும். ஆனால் ஒன்று: அது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், எதுவும் மாட்டப்படவில்லை என்று நினைத்துச் சில பவர் பேங்க்குகள் பாதியில் அணைந்துவிடும். உங்களுடையது அப்படியா என்று இப்போதே மாட்டிப் பாருங்கள்.

கேபிள்

வேறு எதற்கும் எடுக்காத ஒன்றை, ரப்பர் பேண்ட் போட்டுப் பவர் பேங்க்கோடே கட்டி வையுங்கள்.

உப்பியது

உப்பிப்போன பவர் பேங்க்கை ஒரு முறைகூட மாட்டாதீர்கள். குப்பைத்தொட்டியிலும் போடாதீர்கள், மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள்.

சிங்கப்பூர் பெட்டி

விமானத்தில் போகிறவர்கள் பவர் பேங்க்கைச் சரக்காக ஏற்றும் பெட்டியில் வைக்கக் கூடாது. கைப்பையில்தான், அதுவும் தனி அனுமதி இல்லாமல் என்றால் 100 வாட்-அவருக்குள்.

எவ்வளவு வேகத்தில் நிரம்பும் என்று கேட்காமல் வாங்குவது

எவ்வளவு பிடிக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எவ்வளவு நேரத்தில் நிரம்பும் என்று கடையில் ஒருவர்கூடக் கேட்பதில்லை. கஜாவுக்குப் பிறகு எங்கள் தெருவுக்கு ஜெனரேட்டர் நாளுக்கு இரண்டு மணி நேரம்தான் ஓடியது. பழைய வகை 20,000 பவர் பேங்க் 10 வாட்டில்தான் உள்வாங்கும். நிரம்ப ஒன்பது மணி நேரமாவது ஆகும். அந்த இரண்டு மணி நேரத்தில் கால் பங்குதான் ஏறும். 10,000 அளவில், 18 வாட் அல்லது அதற்கு மேல் உள்வாங்கக்கூடிய ஒன்றும் அதற்கேற்ற அடாப்டரும் இருந்தால் இரண்டு மணி நேரத்தில் முக்கால் பங்காவது நிரம்பிவிடும். அடாப்டர் பழையதாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. இளைஞர்கள் கொண்டுவந்த சாக்குப்பையில் பன்னிரண்டு பவர் பேங்க்குக்கு மொத்தம் மூன்று அடாப்டர்தான் இருந்தன, மூன்றும் பழையவை. கார்த்திகை பிறப்பதற்குள் நான்கு புதியது வாங்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.