ஸ்டார்ட் ஆகாத ஆயில் எஞ்சினை விலை பேசுவதற்கு முன்

மதுரைப் பக்கம் பெரியாறு பாசனத்தில் பேரணையில் இருந்து கள்ளந்திரி வரை இருபோகம், அதைத் தாண்டி மேலூர்ப் பக்கம் ஒருபோகம். நாங்கள் ஒருபோகத்துக்காரர்கள். மார்கழியில் கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்துக் கால்வாயில் தண்ணீர் நின்றுவிட்டால், கண்மாய்ப் பள்ளத்தில் கிடப்பதை இறைத்துத்தான் பயிரைக் காப்பாற்ற வேண்டும். அங்கே ஏது கரண்டு? அப்போதுதான் எனக்குப் போன் வரும். "அண்ணே, ஒரு ஆயில் எஞ்சின் சல்லிசா வருது. ஸ்டார்ட் மட்டும் ஆகலையாம். எடுக்கலாமா?"

நான் இந்த எஞ்சின் வேலை பார்க்கிறவன். போனிலேயே பதில் சொல்ல மாட்டேன். விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்த பிறகு நம் பக்கம் தோப்புக்குத் தோப்பு ஆயில் எஞ்சின்கள் சும்மா கிடக்கின்றன. அதில் நல்லதும் உண்டு, காயலான் கடைக்கு மட்டுமே லாயக்கானதும் உண்டு. இரண்டுமே ஸ்டார்ட் ஆகாது. அதனால் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கேட்க வேண்டியது வேறு: ஓடிக்கொண்டிருந்தபோது நின்றதா, நல்லபடியாக ஓட்டி நிறுத்தி வைத்தது பிறகு எடுக்க மறுக்கிறதா?

நிறுத்தி வைத்து எடுக்காதது என்றால் பெரும்பாலும் டீசல் போகிற வழியில்தான் கோளாறு. செலவு கையைக் கடிக்காது. ஓடும்போது 'டக்'கென்று நின்றது என்றால் உள்ளே ஏதோ உடைந்திருக்கலாம், பிஸ்டன் பிடித்திருக்கலாம். இதை உரிமையாளரிடம் மட்டும் கேட்டால் போதாது. அந்த எஞ்சினை வைத்துத் தண்ணீர் பாய்ச்சியவர் ஒருவர் இருப்பார். அவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். கடைசியாக ஓடியபோது என்ன சத்தம் வந்தது, புகை என்ன நிறம், எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர் சுடச்சுட வந்ததா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கறுப்புப் புகை என்றால் டீசலைத் தெளிக்கிற நாசிலோ ஏர் ஃபில்டரோ கோளாறு. நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது, பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்கும், பிஸ்டன் ஓடுகிற குழலான லைனரும் தேய்ந்திருக்கும். சூடான பிறகும் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டே இருந்தது என்றால் தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

நேரில் போனதும் முதலில் பெயர்த் தகட்டைப் பாருங்கள். நம் பக்கம் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, இருபுறமும் பெரிய ஃப்ளைவீல் சக்கரம் வைத்து நிதானமாக ஓடுகிற 650 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 650 சுற்று) எஞ்சின். லிஸ்டர் மாடலைப் பார்த்து ராஜ்கோட்டில் ஏராளமாகச் செய்தது. எடை 300 கிலோவுக்குக் குறையாது. இன்னொன்று 1500 ஆர்பிஎம் எஞ்சின், கிர்லோஸ்கர் ஏவி1 போல. 5 எச்பி, பிஸ்டன் 80 மில்லிமீட்டர், அது மேலும் கீழும் போகிற தூரமான ஸ்ட்ரோக் 110. இந்த இரண்டுக்கும் சாமான் கிடைக்கும். தகடே இல்லாமல், எந்தக் கம்பெனி என்று விற்பவருக்கும் தெரியாமல் இருந்தால், ஒரு ரிங் செட் வாங்கக்கூட அலைய வேண்டியிருக்கும். அந்த மாதிரி எஞ்சின் எவ்வளவு குறைவாக வந்தாலும் நான் கை வைக்கச் சொல்வதில்லை.

அடுத்து, உள்ளே அழுத்தம் சேராமல் விடுவிக்கிற டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு ஃப்ளைவீலைக் கையால் சுற்றுங்கள். லேசாகச் சுற்ற வேண்டும். சுற்றவே இல்லையா, பயப்பட வேண்டாம், ஆனால் விலையும் பேச வேண்டாம். நாசிலைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டீசலும் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி, இரண்டு நாள் விட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். சும்மா கிடந்து லைனரில் துரு பிடித்து இறுகியது என்றால் அதற்குள் இளகும். தண்ணீர் ஓடாமல் சூடேறிப் பிடித்த பிஸ்டன் அப்படி இளகுவது அபூர்வம். இளகினாலும் லைனரில் கோடு விழுந்திருக்கும். ஹேண்டிலில் குழாயை மாட்டி முரட்டுத்தனமாகத் திருப்ப யாரையும் விடாதீர்கள். பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கிற கனெக்டிங் ராட் வளைந்தால் நஷ்டம் யார் தலையில் என்று அப்புறம் சண்டை வரும்.

சுற்றுகிறது என்றால் இனிதான் முக்கியமான இடம். டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. ஏவி1-இல் காற்றைப் பதினாறரை மடங்கு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் காற்று சூடாகி, அதில் டீசல் பட்டதும் தானே பற்றுகிறது. அழுத்தம் கசிந்தால் சூடு இல்லை, சூடு இல்லாவிட்டால் நாள் முழுக்க ஹேண்டில் போட்டாலும் பற்றாது. ஆகவே லீவரை இறக்கிவிட்டு மெதுவாகச் சுற்றிக் கம்ப்ரஷனைச் சோதியுங்கள். நல்ல எஞ்சின் ஒரு இடத்தில் முட்டி நின்று ஃப்ளைவீலைப் பின்னால் தள்ளும். 'புஸ்'ஸென்று விட்டுக்கொடுத்தால் காற்று எங்கே போகிறது என்று காதை வைத்துக் கேளுங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் சத்தம் வந்தால் இன்லெட் வால்வு. சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. இரண்டுமே வால்வைத் தேய்த்து உட்கார வைத்தால் சரியாகிவிடும், பயப்படுகிற செலவில்லை. ஆயில் ஊற்றுகிற இடத்திலோ, ஆயில் அறையின் காற்றுப்போக்கியான பிரீதரிலோ வந்தால் ரிங், லைனர். சந்தேகமாக இருந்தால் நாசில் ஓட்டையில் இரண்டு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, நாசிலைத் திரும்ப மாட்டிச் சுற்றுங்கள். அழுத்தம் சட்டென்று கூடினால் ரிங் தேய்மானம் உறுதி.

ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற நாலு விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். திருப்பி அடித்தால் கட்டைவிரல்தான் முதலில் போகும்.

ஆயிலைப் பார்ப்பதில் பலரும் டிப்ஸ்டிக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. அடியில் உள்ள டிரெயின் போல்ட்டை அரைச்சுற்று மட்டும் தளர்த்துங்கள். ஆயிலைவிடத் தண்ணீர் கனம், அதனால் அடியில் போய்த் தங்கியிருக்கும். முதலில் சொட்டுவது தண்ணீரா ஆயிலா என்பதைப் பாருங்கள். மழையில் நனைந்து கிடந்த எஞ்சின் என்றால் சைலன்சர் வழியாகவும் கொஞ்சம் இறங்கியிருக்கலாம். ஆனால் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால், ஓடும்போதே தண்ணீர் கலந்து கடைந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட், லைனர் ரப்பர் வளையம், இல்லை பிளாக்கிலேயே விரிசல். முதல் இரண்டும் மாற்றிவிடலாம். மூன்றாவது என்றால் வீட்டுக்குக் கிளம்பலாம். நம் ஊரில் விரிசல் விழுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். கொதித்து நிற்கிற எஞ்சினில் அவசரப்பட்டுப் பச்சைத் தண்ணீரை ஊற்றுவார்கள். அதையும் அந்தத் தண்ணீர் பாய்ச்சியவரிடமே விசாரியுங்கள். சந்தேகமென்றால் எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் நிற்கிற வாட்டர் ஜாக்கெட்டில் தண்ணீர் நிரப்பி, அடைத்துவிட்டு, பேச்சு முடிகிற வரை அப்படியே விடுங்கள். எங்கே கசிகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

சொட்டிய ஆயிலை இரண்டு விரலில் தேய்த்து வெயிலில் பாருங்கள். மினுக்கு மினுக்கென்று துகள் தெரிந்தால் பேரிங் கரைகிறது. பக்கவாட்டு மூடியைக் கழற்ற விட்டால் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கலாம். பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு. மேலும் கீழும் 'டொக்' என்று கையில் தெரிந்தால் கிராங்க் தண்டு லேத் பட்டறைக்குப் போக வேண்டும். பழைய எஞ்சினில் பெரிய செலவு என்றால் அது இந்தக் கிராங்க்கும் பிளாக்கும்தான்.

சரி, சுற்றுகிறது, அழுத்தம் இருக்கிறது, ஆயில் சுத்தம். பிறகு ஏன் எடுக்கவில்லை? டீசல். டேங்கின் அடியில் சேறும் தண்ணீரும், ஃபில்டர் அடைப்பு, குழாயில் ஏர். ஏரை வெளியேற்றுகிற ப்ளீடிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வருகிற வரை விடுங்கள். பிறகு நாசிலுக்குப் போகிற இரும்புக் குழாயின் நட்டைத் தளர்த்தி ஹேண்டில் போட்டால் டீசல் விட்டு விட்டுத் தெறிக்க வேண்டும். தெறித்தால் நாசிலைக் கழற்றி வெளியிலேயே குழாயில் மாட்டிச் சுற்றுங்கள். புகை போலப் பொடிப்பொடியாகத் தெளித்தால் நல்லது, ஒழுகினால் நாசில் போச்சு. அந்தத் தெளிப்புக்கு முன்னால் கையைக் கொண்டு போகவே கூடாது. அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி ஆனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டீசலே தெறிக்கவில்லை என்றால் எல்லோரும் "டீசல் பம்ப் போச்சு" என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். என் மச்சான் சோழவந்தான் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் எஞ்சின் பார்த்து வைத்திருந்தார். விற்கிற பெரியவரும் பம்ப் போச்சு என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார். ஃப்யூயல் பம்ப்பின் பக்கவாட்டில் சுண்டுவிரல் பருமனில் ஒரு கம்பி போகும், ராக் என்போம். வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னர் இழுக்கிற இழுப்புக்கு அது முன்னும் பின்னும் நகர்ந்துதான் டீசலைக் கூட்டிக் குறைக்கும். அந்தக் கம்பி 'நிறுத்து' என்கிற பக்கமே அசையாமல் நின்றது. பழைய டீசல் காய்ந்து பழுப்பாக, பசை மாதிரி அதைச் சுற்றிப் பிடித்திருந்தது. சுத்தமான டீசலைத் துணியில் நனைத்துச் சுற்றிவைத்து, டீ குடித்துவிட்டு வந்து விரலால் தட்டித் தட்டி அசைத்தேன். மயிரிழை நகர்ந்தது, அப்புறம் தாராளமாகவே போய் வந்தது. "ஐயா, பம்ப் நல்லாத்தான் இருக்கு. ராக்தான் இறுகியிருக்கு. நீங்களே ஓட்டிக்கலாம்" என்று சொன்னேன். மச்சானுக்கு முகம் சுருங்கியது. பெரியவர், "எனக்கு எதுக்குப்பா, கரண்டு மோட்டார் ஓடுது. சும்மா கிடக்கிறதுக்கு நீங்க ஓட்டுங்க" என்று சொல்லி, சொன்ன விலையிலேயே கொடுத்தார். விற்பவரும் நம்மைப் போல விவசாயிதான், குறையைக் கண்டுபிடித்தால் மறைக்காமல் சொல்லிவிட்டே விலை பேசலாம்.

இளக்கிய ராக் திரும்ப இறுகினால் ஆபத்து உண்டு. முழு டீசல் நிலையில் மாட்டிக்கொண்டால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் எகிறும், ஃப்ளைவீல் சிதறுகிற அளவுக்கு. அதனால் அங்கேயே ஓட்டிப் பார்ப்பதானால், ராக் கையில் தாராளமாக நகர்கிறதா என்று மறுபடி பார்த்துவிட்டு ஓட்டுங்கள். காற்று இழுக்கிற வாயைப் பொத்த ஒரு பலகைத் துண்டும் பக்கத்தில் இருக்கட்டும். காற்றை அடைத்தால் நின்றுவிடும். கை வைத்து அடைக்கக் கூடாது. ஃப்ளைவீலுக்கு நேராக யாரும் நிற்கவும் கூடாது.

தண்ணீர்ப் பம்ப்புக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். தண்டு வழியே கசியாமல் அடைக்கிற கிளாண்ட் கயிறு, உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கிற ஃபுட் வால்வு எல்லாம் எங்கும் கிடைக்கிறது. உள்ளே சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லர் மட்டும் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது கணக்கு. இதே எஞ்சின் ஓடுகிற நிலையில் இருந்தால் உங்கள் ஊரில் என்ன விலைக்குப் போகும் என்று முதலில் விசாரியுங்கள். அதில் இருந்து சாமான் செலவு, லேத் கூலி, மெக்கானிக் கூலி, டாட்டா ஏஸ் வாடகை எல்லாவற்றையும் கழியுங்கள். கழித்த பிறகு நிற்கிற தொகையில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். கழற்றிய பிறகுதான் தெரிகிற குறை ஒன்றாவது இருக்கும், அதற்கு அந்த மீதிப் பாதி. இன்னொரு பக்கம், இரும்பு எடைக்கு என்ன கிடைக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். விலை அதை ஒட்டி வந்தால், கிராங்க் போயிருந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. 5 எச்பி எஞ்சின் முழு பாரத்தில் மணிக்கு சுமார் ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். தினமும் இறைக்க வேண்டிய தோட்டம் என்றால் இது கட்டுப்படியாகாது, மின் இணைப்புக்கோ மானிய சோலார் பம்ப்புக்கோ எழுதிப் போடுங்கள். வருஷத்தில் சில நனைப்புக்கு என்றால் மட்டும் எஞ்சின்.

பணம் கொடுக்கும் முன் எஞ்சின் நம்பரை எழுதி, விற்பவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் வைத்து ஒரு தாள் வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டத்து மோட்டாரும் எஞ்சினும் களவு போகிற காலம். நம்பரை அரத்தால் தேய்த்திருந்தால் விலை கேட்காமலே திரும்பிவிடுங்கள்.

ஏற்றும்போது டீசலையும் தண்ணீரையும் வடித்துவிட்டு, எஞ்சினை நிமிர்ந்த வாக்கில் வைத்து, ஃப்ளைவீல் உருளாதபடி கட்டை கொடுத்துக் கயிற்றால் கட்டுங்கள். ஹேண்டில், புல்லி, சைலன்சர், சக்ஷன் ஹோஸ் எல்லாம் கொட்டகையில் எங்கேயாவது கிடக்கும். வண்டி கிளம்புவதற்கு முன் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஹேண்டில் அந்த எஞ்சினின் தண்டுக்குச் சரியாக மாட்டுகிறதா என்று அங்கேயே ஒருமுறை மாட்டிப் பாருங்கள்.