விமர்சகர்கள் கொண்டாடும் கலப்பிசை ஆல்பத்தைக் காதால் சோதிப்பது எப்படி

ஆஸ்திரேலிய எலக்ட்ரானிக் குழு ஒன்று புது ஆல்பம் விட்டதுமே, பல இசை வகைகளைக் கலந்து அசத்திவிட்டார்கள் என்று நாலு பக்கமும் பாராட்டு வந்துவிடுகிறது. பல நேரம் அது நியாயமான பாராட்டுதான். ஆனால் எதை எதோடு கலந்தார்கள், எந்த இடத்தில் கலந்தார்கள், கலந்த பிறகு என்ன மாறியது என்று எதுவும் சொல்லாத பாராட்டை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? நாமே கேட்டுக் கண்டுபிடிக்கலாம். காவடியில் உடுக்கையும், டாக்ஸியில் கோம் (gqom) என்ற நம்மூர் நடன இசையும் கேட்டுப் பழகிய தென்னாப்பிரிக்க டர்பன் காதுக்கு இது கஷ்டமே இல்லை.

பழகுவதற்கு நான் சொல்லும் குழு மெல்பர்னின் தி அவலாஞ்சஸ். 2000 நவம்பரில் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் ‘சின்ஸ் ஐ லெஃப்ட் யூ’ முழுக்க முழுக்கப் பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த சாம்பிள்களால் கட்டியது, 900க்கு மேல் இருக்கும் என்பார்கள். பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் அதற்குப் பத்துக்கு 9.5 கொடுத்தது. ஆஸ்திரேலியாவின் ஏரியா இசை விருதுகளையும் 2001இல் அள்ளியது. இதில் காது பழகிவிட்டால் அடுத்து எந்தக் குழுவின் எந்தப் புது ஆல்பம் வந்தாலும் இதே வழி செல்லும்.

முதலில், ஒரு விமர்சனமும் படிக்காமல் ஆல்பத்தை ஒரு தடவை முழுசாகக் கேளுங்கள். ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஆப்பின் செட்டிங்கில் ஒரு பாட்டு முடியும்போதே அடுத்ததைக் கலந்துவிடும் கிராஸ்ஃபேட் என்று ஒன்று இருக்கும், அதையும் அணைக்க வேண்டும், ஏனென்றால் இவர்களுடைய பாட்டுகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குள் வழிந்து போகிற மாதிரி செய்யப்பட்டவை, ஆப்பும் தன் பங்குக்குக் கலக்க ஆரம்பித்தால் எது அவர்கள் வேலை எது ஆப்பின் வேலை என்று தெரியாது. ஆல்பம் ஒரு மணி நேரம் ஓடும். இங்கே டேட்டா விற்கிற விலை தெரியும்தானே, வைஃபை கிடைக்கும்போதே இறக்கி வைத்துவிடுங்கள். போன் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம். இரண்டாவது பாட்டில் மடோனாவின் பழைய பாட்டு ஒன்றின் பேஸ் என்ற அடிச்சுருதி ஒலி வரும் (தன் பாட்டைச் சாம்பிள் செய்ய மடோனா அனுமதி கொடுத்தது அதுதான் முதல் முறை என்று சொல்கிறார்கள்), போன் ஸ்பீக்கரில் அது இருக்கிற இடமே தெரியாது. வயர் வைத்த சாதாரண இயர்போன் போதும். கார் இருந்தால் இன்னும் நல்லது, எம்4 சாலையில் கடலோரமாகப் பாலிட்டோ ஊர் போய்ச் சேருவதற்குள் பெரும்பகுதி கேட்டுவிடலாம்.

இரண்டாம் தடவை, அடியில் தும் தும் என்று விழும் கிக் டிரம்மை மட்டும் பின்தொடருங்கள். தொடையில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று தட்டிக்கொண்டே கேளுங்கள். நாலு தட்டுக்கும் நாலு கிக் சமமாக விழுந்தால் அது ஹவுஸ் என்ற நடன இசை. கிக் முன்னால் விழுந்து, இரண்டிலும் நாலிலும் ஸ்னேர் டிரம் பளீரென்று வந்து, நடுவில் காலியிடம் இருந்தால் ஹிப்-ஹாப் பக்கம் வந்துவிட்டீர்கள். நம்மூர் டவுன்ஷிப்களில் பிறந்த கோம் அந்தச் சம நாலை வேண்டுமென்றே உடைக்கும், அதனால்தான் அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கிக் இடம் மாறுவது சட்டென்று பிடிபடுகிறது. மேலே பாட்டு மாறியும் கீழே கிக் மாறாமல் ஓடினால் அது டிஜே ஒட்டும் ஒட்டு. கிக்கும் சேர்ந்து மாறினால் அங்கே நிறுத்தி, நிமிடம் செகண்டைக் குறித்துக்கொள்ளுங்கள், விமர்சனம் படிக்கும்போது தேவைப்படும்.

அப்புறம் குரல்கள். உடுக்கை அடிப்பவர் நடுவிலிருக்கும் கயிற்றை அழுத்தினால் ஒலி மேலே ஏறும், விட்டால் இறங்கும், பார்த்திருப்பீர்கள். சாம்பிள்களை ஓட்டும் கருவியான சாம்ப்ளரிலும் ஒரு குரலை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறிவிடும், பெரியவர் குரல் சின்னப் பிள்ளை குரல் மாதிரி மெலிந்து கேட்கும். அதை முதலில் பிடியுங்கள். அடுத்து இசைத்தட்டின் பொரிபொரிச் சத்தம். அது ஒரு இடத்தில் திடீரென்று நின்றாலோ, அதே பொரி அதே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தாலோ, வெட்டு அங்கேதான் இருக்கிறது. வீட்டில் பழைய எல்பி சேர்த்து வைத்திருக்கும் தாத்தாவோ மாமாவோ இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். “பிடிச்சிருக்கா தாத்தா?” என்று கேட்டால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். “இது எந்தக் காலத்துப் பாட்டு மாதிரி இருக்கு?” என்று கேளுங்கள், பத்து நிமிடம் பேசுவார், அதில் உங்களுக்கு வேண்டியது நிறைய இருக்கும்.

இப்போது விமர்சனத்தை எடுங்கள். ஒவ்வொரு பாராட்டு வரியிலும் குழுவின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு குழுவின் பெயரைப் போட்டுப் பாருங்கள். வரி அப்படியே பொருந்தினால் அதைத் தள்ளிவிடலாம். ஒரு கருவியையோ ஒரு பாட்டையோ ஒரு திருப்பத்தையோ சுட்டிக்காட்டும் வரி இருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் நிமிடக் குறிப்போடு ஒப்பிட்டு இன்னொரு தடவை கேளுங்கள். மெட்டாக்ரிட்டிக் மதிப்பெண்ணைப் பெரிதாக எடுக்க வேண்டாம், பல விமர்சனங்களை நூறுக்கு இத்தனை என்று மாற்றி, சிலவற்றுக்குக் கூடுதல் எடை கொடுத்து எடுக்கும் சராசரி அது. எத்தனை பேருக்குப் பிடித்தது என்று அதில் தெரியும், ஏன் பிடித்தது என்பது தெரியாது.

கலப்பு என்று நான் ஒத்துக்கொள்வது ஒன்று மற்றதை மாற்றும்போதுதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது வரிசை, அவ்வளவுதான். பதினாறு வருடம் காக்க வைத்து 2016இல் வந்த ‘வைல்ட்ஃப்ளவர்’ ஆல்பத்தில், டிரினிடாடில் பிறந்த வில்மத் ஹூடினி பாடிய பழைய காலிப்சோ (அந்தக் கரீபியத் தீவின் பாட்டு வகை) மேல் டேனி பிரவுனும் எம்எஃப் டூமும் ராப் செய்யும் பாட்டு ஒன்று உண்டு. அந்தக் காலிப்சோவின் ஆடி அசையும் நடை ராப்பர்களின் நடையையே இழுத்துக்கொண்டு போகும். எனக்கு அது உண்மையான கலப்பு.

2020 டிசம்பரில் வந்த இவர்களுடைய ‘வீ வில் ஆல்வேஸ் லவ் யூ’ ஆல்பம் ஆஸ்திரேலிய இசைப் பரிசு வாங்கியது. 25 பாட்டு. ஒரேயடியாகக் கேட்க நேரமில்லை என்றால் இரண்டு பாட்டு போதும். ஆல்பத்தின் பெயரையே கொண்ட பாட்டில் தி ரோச்சஸ் சகோதரிகளின் பழைய குரல் எங்கே வெட்டப்படுகிறது என்று தேடுங்கள். இன்னொன்று, டிரிக்கி, டென்சல் கரி, சாம்பா தி கிரேட் மூன்று பேரும் வருவது. சாம்பா ஜாம்பியாவில் பிறந்து நம் பக்கத்து நாடான போட்ஸ்வானாவில் வளர்ந்தவர். அவர் குரல் நுழையும் நிமிடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் கீழே கிக் என்ன செய்கிறது என்று கேளுங்கள்.