பூச்சித் தோலில் இருந்து செடிக்கு எச்சரிக்கை: கைட்டோசான் தெளிப்பு தயாரிப்பது எப்படி?

பூச்சிகளின் மேல்தோலிலும் பூஞ்சைகளின் செல்சுவரிலும் கைட்டின் என்ற உறுதியான பொருள் உண்டு, செடிகளில் கிடையாது. அதனால் கைட்டின் துணுக்கு பட்டதுமே செடி எதிரி வந்துவிட்டதாக உணர்ந்து, கைட்டினேஸ் நொதி போன்ற தற்காப்புப் பொருள்களைச் சுரக்கிறது. கைட்டினைப் பக்குவப்படுத்திக் கிடைக்கும் கைட்டோசானும் இதே வேலையைச் செய்யும். பூச்சி வளர்ப்பில் மிஞ்சும் தோலில் இருந்தும் இதை எடுக்கிறார்கள். சூடான, அடர்த்தியான காஸ்டிக் சோடா தேவைப்படும் வேலை அது. வீட்டில் வேண்டவே வேண்டாம், தூளாகவே வாங்குங்கள்.

1. கரைசல்: 80 மி.லி. தண்ணீரில் 5% வினிகர் 20 மி.லி. சேருங்கள். அதைக் கலக்கிக்கொண்டே 1 கிராம் தூளைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் வெளியே வழுவழுவென்றும் உள்ளே உலர்ந்தும் கட்டிகள் உருளும். அவை எளிதில் கரையாது. இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் துணியில் வடிகட்டுங்கள். வெறும் தண்ணீரில் கைட்டோசான் கரையாது என்பதால் வினிகரைத் தவிர்க்க முடியாது.

2. நீர்த்தல்: முதல்முறை 1 லிட்டர் தண்ணீருக்கு 50 மி.லி. கரைசல் போதும். அமில-கார அளவைக் காட்டும் பி.எச். தாளில் பாருங்கள், 5.5 அளவில் இருக்கட்டும். குறைவாக இருந்தால் சமையல் சோடா கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். 6.5 தாண்டினால் கைட்டோசான் வெள்ளைத் திரியாகப் பிரிந்து நாசிலை அடைத்துவிடும். உப்புத்தன்மையும் காரத்தன்மையும் மிகுந்த தண்ணீரில் இது அடிக்கடி நடக்கும்.

3. தெளித்தல்: இரண்டு இலைகளில் அடித்து 2 நாள் பாருங்கள். ஓரம் கருகவில்லை என்றால் மாலை வேளையில் இலையின் அடிப்பக்கமும் நனைய அடிக்கலாம். 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை போதும். அடிக்கடி அடித்தால் செடி தற்காப்புக்கே சத்தைச் செலவழித்து வளர்ச்சி குன்றும்.

சோப்புக் கரைசலை இதோடு கலக்காதீர்கள், இரண்டும் சேர்ந்து திரிந்துவிடும். தாமிர மருந்தும் தனியாகவே போகட்டும். நீர்த்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

இது பூச்சிக்கொல்லி அல்ல, மொய்த்துவிட்ட அசுவினியைக் கொல்லாது. செடி தயாராகச் சில நாள் பிடிக்கும், ஆகவே நோய் வரும் பருவத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். சாம்பல் நோய் போன்ற பூஞ்சை நோய்களில்தான் பலன் தெளிவாகத் தெரியும். பூச்சிகளிடம் அந்த அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம். பலனை அறிய, சில செடிகளுக்குக் கைட்டோசான் இல்லாமல் அதே அளவு வினிகர் நீரை மட்டும் அடித்து ஒப்பிடுங்கள்.