வயர்கார்டுக்கு ஃபயர்வாலில் வழி விடுவது

உபுண்டு சர்வரில் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை இயக்குமுன் தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சுக்கான 22ஆம் போர்ட்டை அனுமதித்துவிடுங்கள். மறந்தால் உங்கள் சர்வரே உங்களை வெளியே நிறுத்திவிடும்.

பிறகு விபிஎன் மென்பொருளான வயர்கார்டின் போர்ட், 51820. யூடிபி என்று குறிப்பிட்டுத் திறங்கள். டிசிபி அதற்குத் தேவையே இல்லை. வெளியிலிருந்து ஸ்கேன் செய்து 'பதிலே வரவில்லையே' என்று பதறாதீர்கள். சரியான சாவி இல்லாத பாக்கெட்டுக்கு வயர்கார்ட் வாய் திறக்காது.

பலர் தவிப்பது இதற்கப்புறம்தான்: ஹேண்ட்ஷேக் (இரு முனைகளும் சாவியைச் சரிபார்த்து இணைவது) நடக்கிறது, இணையம் வராது. போர்ட்டைத் திறந்தது சர்வருக்கு வரும் போக்குவரத்துக்கு மட்டும். சர்வர் வழியாகக் கடந்து போவதற்குத் தனி அனுமதி வேண்டும். கெர்னலில் ஐபி ஃபார்வர்டிங்கை 1 ஆக்குங்கள். வயர்கார்டின் இன்டர்ஃபேஸான டபிள்யூஜி0விலிருந்து வெளி இன்டர்ஃபேசுக்கு யூஎஃப்டபிள்யூவில் ரூட் (route) விதி ஒன்று போடுங்கள். ஃபார்வர்ட் பாலிசியையே முழுக்கத் திறந்துவிடச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு அது சோம்பேறித்தனமாகத்தான் படுகிறது. யூஎஃப்டபிள்யூவின் பிஃபோர் ரூல்ஸ் கோப்பின் தலையில், ஃபில்டர் பகுதிக்கு மேலே, நாட் (முகவரி மாற்றும்) பகுதி எழுதி, பாக்கெட்டுகளைச் சர்வரின் முகவரியிலேயே வெளியே அனுப்பும் மாஸ்கரேட் விதியைச் சேருங்கள். இன்டர்ஃபேஸ் பெயரை மட்டும் எங்கிருந்தும் காப்பியடிக்காதீர்கள். உங்களுடையது ஈடிஎச்0வா, ஈஎன்எஸ்3யா என்பதை ஐபி ரூட் கட்டளை காட்டும்.

சில தளங்கள் மட்டும் பாதியில் தொங்கினால், ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவான எம்டியூவை 1420இலிருந்து 1280க்குக் குறைத்துப் பாருங்கள்.