பனிமூட்டம் பந்தை வளைக்காது: மலையகத்தில் கடினப்பந்தின் மெருகைக் கெடுக்கும் தவறுகள்

தோட்டத்து மைதானத்தில் மென்பந்து ஆடி வளர்ந்தவர் பாடசாலை அணிக்கோ கழக அணிக்கோ வந்து முதன்முறையாகக் கடினப்பந்தைக் கையில் எடுக்கும்போது, ஓட்டத்தையும் கைச்சுழற்சியையும் திருத்த ஆட்கள் இருப்பார்கள். பந்தின் தோலை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லித்தருபவர்கள்தான் குறைவு. "ஒரு பக்கத்தைத் தேய்" என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. எந்தப் பக்கம், எந்தத் தரையில் என்று யாரும் கேட்பதில்லை. டிக்கோயா தரவளையின் ஈரப் புல்லுக்கும், ஆடி மாதத்து வெலிமடைக் கட்டாந்தரைக்கும் ஒரே வைத்தியம்.

முதல் தவறு பனிமூட்டத்தை நம்புவது. மலையிலிருந்து வெள்ளையாக இறங்கத் தொடங்கியதுமே "இனி பந்து வளையும்" என்று அணித்தலைவர் மட்டை விளிம்பில் பட்டு வரும் பந்தைப் பிடிக்க ஸ்லிப்பில் இன்னொருவரை நிறுத்துகிறார். நம்பிக்கை பழையது, ஆதாரம் மெலிந்தது. கிரிக்கெட் பந்தின் காற்றியக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ரபீந்திர மேத்தாவும் அவருடைய சகாக்களும் 1983இல் வெளியிட்ட ஆய்வு தொடங்கி, காற்றின் ஈரப்பதம் வளைவைக் கூட்டுகிறது என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிடச் சற்றே இலேசானது என்பதே பௌதிகம். நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. பந்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசை அடர்த்தியைப் பொறுத்தது என்பதால், அதே வேகத்தில் அதே மெருகோடு வீசினால், கீழ்நாட்டில் வளைவதைவிட இங்கே சற்றுக் குறைவாகவே வளையும்.

அப்படியானால் பனி நாளில் விக்கெட்டுகள் சரிவது ஏன்? ஆடுகளத்தில் ஈரம் இருக்கிறது. பந்தின் நடுவே ஓடும் தையல் அதில் பட்டுத் திரும்புகிறது. வெளிச்சமும் மங்கல். காற்றில் வளைவது வேறு, தரையில் பட்டு விலகுவது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுபவர் மெருகைப் பாதுகாப்பதை விட்டுவிட்டுப் பனிக்காகக் காத்திருக்கிறார். அந்தப் பனியோ பந்தின் தோலை நனைத்து மெருகைத் தின்றுகொண்டிருக்கும்.

மெருகு செய்யும் வேலை இதுதான். புதிய பந்தில் சாய்வாகப் பிடித்த தையல் ஒரு பக்கத்துக் காற்றைக் கலைத்துவிடும். கலைந்த காற்று பந்தின் மேற்பரப்பை அதிக தூரம் ஒட்டிச் செல்லும். வழவழப்பான பக்கத்துக் காற்று முன்னதாகவே விலகிவிடும். பந்து தையல் காட்டும் திசைக்கு, அதாவது மின்னும் பக்கத்துக்கு எதிர்ப்புறமாக நகரும். தையலின் கூர்மை தேய்ந்த பிறகு, ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு என்ற வேறுபாடே பெரும்பாலான வேலையைச் செய்ய வேண்டும். இரு பக்கமும் ஒரே மாதிரி ஆகிவிட்டால் வேலை செய்ய எதுவும் மிஞ்சாது.

ஆனால் அதைத்தான் பல அணிகள் செய்கின்றன. மிட்-ஓஃபில் நிற்பவர் ஒரு பக்கத்தைத் தேய்க்கிறார், கவரில் நிற்பவர் மறுபக்கத்தை. எல்லைக்கோட்டிலிருந்து வரும் பந்தை வாங்கிய இன்னொருவர் நனைந்த உள்ளங்கையால் முழுவதையும் உருட்டித் துடைக்கிறார். எல்லோருக்கும் நல்லெண்ணம்தான். முதல் சில ஓவர்களில் எந்தப் பக்கம் முதலில் கீறல் வாங்குகிறதோ, அதைக் கைவிட்டு மற்றதைப் பதினொரு பேரும் காப்பாற்ற வேண்டும். எந்தப் பக்கம் என்பதை ஒருவர் சொல்ல வேண்டும். விக்கெட் காப்பாளர் அதற்குப் பொருத்தமானவர், ஏனெனில் பந்து அதிகமாகப் போய்வருவது அவர் கை வழியாகத்தான். கைவிட்ட பக்கத்தில் வியர்வை படவிடாமல் காய்ந்தபடி வைத்திருப்பதும் இதே வேலையின் பாதி.

தரையைப் பார்த்து முடிவெடுக்காதது அடுத்த தவறு. தும்பு விரிப்பு போட்ட ஆடுகளம் தோலை அரம்போல அராவும். அங்கே மெருகை முதல் ஓவரிலிருந்தே காக்க வேண்டும், பிறகு பார்க்கலாம் என்றால் பார்க்க ஒன்றும் இருக்காது. தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவை நனைக்கும் மாதங்களில் ஊவாப் பக்கம், பண்டாரவளையிலும் பதுளையிலும், தரை காய்ந்து கிடக்கும். அங்கே சொரசொரப்பு தானாக வந்துவிடும். வேண்டுமென்றே பந்தை நிலத்தில் அடித்து எறிய வேண்டியதில்லை. அப்படி எறிவதை நடுவர் கண்டிக்கவும் இடமுண்டு. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஈரப் புல்லில் நிலைமை நேர்மாறு. பந்து பார்ப்பதற்குப் புதிதாகவே இருக்கும், உள்ளே தண்ணீர் குடித்திருக்கும். அங்கே முதல் வேலை பந்தை உலர்த்துவது.

நனைந்த பந்தை அப்படியே காற்சட்டையில் தேய்ப்பதுதான் மலையகத்தில் நான் அதிகம் பார்க்கும் பிழை. ஈரத் தோலை அழுத்தித் தேய்த்தால் மேற்பூச்சு குழைந்து சேற்றுச் சாயம்போலப் பரவும். முதலில் துணியால் ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும், பிறகுதான் மெருகு. நடுவர் அனுமதித்த துணியில் நனைந்த பந்தை உலர்த்தலாம், அவர் மேற்பார்வையில் சேற்றை அகற்றலாம் என்று கிரிக்கெட்டின் 41.3ஆம் சட்டம் சொல்கிறது. ஆட்டம் தொடங்கும் முன்பே துவாயை நடுவரிடம் காட்டிவிட்டால் பிறகு வாக்குவாதம் இல்லை. சுழற்பந்து வீச்சாளருக்கு இந்தத் துவாய் இன்னும் முக்கியம். வழுக்கும் பந்தில் விரலுக்குப் பிடி கிடைக்காது.

அதே சட்டம் செயற்கைப் பொருள் எதையும் தடுக்கிறது. தேங்காயெண்ணெய், வாஸ்லின், தலைக்குப் பூசும் ஜெல், மண்தாள், போத்தல் மூடி எதற்கும் இடமில்லை. மாட்டினால் எதிரணிக்கு 5 தண்ட ஓட்டங்கள். 2018 ஜூனில் சென்ட் லூசியாவில் நடந்த டெஸ்டில், வாயிலிருந்த இனிப்புப் பொருளைப் பந்தில் பூசியதாக அப்போதைய இலங்கை அணித்தலைவர் தினேஷ் சந்திமால் குற்றவாளியாகக் காணப்பட்டு ஒரு டெஸ்ட் தடை பெற்றார். இன்று இனிப்பு கலக்காத எச்சிலுக்கும் இடமில்லை: கிரிக்கெட்டின் சட்டங்களை வகுக்கும் மெரில்போன் கிரிக்கெட் கழகத்தின் சட்டங்கள் 2022 ஒக்டோபர் முதல் அதை நிரந்தரமாக விலக்கிவிட்டன. மிஞ்சுவது வியர்வை. நுவரெலியாவின் ஜனவரிக் காலையில் பதினொரு பேரையும் பிழிந்தாலும் ஒரு துளி வராது என்பது வேறு விடயம். அப்போது ஓவரை முடித்துவிட்டு வரும் பந்துவீச்சாளரின் நெற்றியும் பிடரியும்தான் கைகொடுக்கும். அதிலும் கொஞ்சம்தான் வேண்டும். விரல் நுனியில் எடுத்துத் தடவி, சூடேறும்வரை தேய்க்க வேண்டும். வழுக்கும் பொலியெஸ்டர் காற்சட்டையைவிடப் பருத்தி கலந்த துணி நன்றாகப் பிடிக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

தொலைக்காட்சியைப் பார்த்து ரிவர்ஸ் ஸ்விங்குக்கு, அதாவது பந்து வழக்கத்துக்கு எதிர்த்திசையில் வளைவதற்கு, ஆசைப்படுவது இளைஞர்களின் தனி வியாதி. புதிய பந்து எதிர்த்திசையில் வளைய மணிக்கு ஏறத்தாழ 137 கிலோமீற்றரைத் தாண்டிய வேகம் வேண்டும் என்கிறார் மேத்தா. பழைய பந்தில் அந்த எல்லை இறங்கும், ஆனாலும் பாடசாலை வேகத்துக்கு எட்டுவது கடினம். மணிக்கு 110 கிலோமீற்றருக்கும் குறைவாக வீசுபவருக்கு வேறொரு வழி இருக்கிறது, அதை ஏனோ யாரும் கண்டுகொள்வதில்லை: ஒரு பக்கம் நன்கு மின்ன, மறுபக்கம் நன்கு தேய்ந்த பந்தைத் தையல் நேராக நிற்கும்படி வீசினால், அது சொரசொரப்பான பக்கம் நோக்கி நகரும். தையலைச் சாய்க்க வேண்டியதே இல்லை. மெதுவாக வீசுபவருக்கு மெருகுதான் ஆயுதம்.

ஆட்டம் முடிந்த பிறகும் பந்தைக் கெடுக்கலாம். நனைந்ததை அடுப்படியில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். பொலித்தீன் பையில் கட்டிவைத்தால் இந்தக் குளிரில் பூஞ்சணம் பிடிக்கும், தையல் நூலும் இற்றுப்போகும். பழைய துணியில் சுற்றி, காற்றோட்டமுள்ள நிழலில் விட்டுவிடுங்கள். காய்ந்த பிறகு பையில் போடலாம், வாயைக் கட்டாமல்.